சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

(கைவேலைக் குழுவின் சார்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழமொழி என்றால் பரீட்சையில் பொருள் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குவதற்கு உரியது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்தப் பழமொழி எங்கள் கைவேலைக் குழுவின் கணக்கு நோட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு குரோஷா ஊசியின் விலை 25 ரூபாய். அதைத் தபாலில் வரவழைத்த செலவு 75 ரூபாய். ஆக, நாங்கள் கொடுத்த 100 ரூபாயில் கால் பங்கு ஊசிக்கு, முக்கால் பங்கு கூலிக்கு! பழமொழியைச் சொன்ன பெரியவர்கள் எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களோ என்று தோன்றியது.

அன்று பட்ட அனுபவத்தையும், அதன்பின் நாங்கள் கேட்டும் எடைபோட்டும் கணக்கிட்டும் தெரிந்துகொண்டவற்றையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். கைவேலை செய்யும் தோழியருக்கும், வீட்டில் தையலும் பூவேலையும் செய்யும் அன்னையருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

பதின்மூன்றாவது போர்வை

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் குழு பள்ளியில் ஒரு சிறு விற்பனை நடத்துவது வழக்கம். மணிமாலை, குரோஷா விரிப்பு, ஃபெல்ட் துணியில் செய்த நட்சத்திரம், சமிக்கி தைத்த பை ஆகியவற்றை நாங்களே செய்து விற்போம். வரும் பணத்தில் பள்ளிக்கு அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்குப் போர்வை வாங்கிக் கொடுப்போம். 2024ஆம் ஆண்டு அங்கே 13 பேர் இருந்தனர். ஒரு போர்வையின் விலை 250 ரூபாய்.

எங்கள் ஊர் சிறிய ஊர். நாங்கள் விரும்பிய வண்ண மணிகளும் நூல்களும் இங்கே கிடைக்கவில்லை. ஆகவே வெளியூர்க் கடைகளிலிருந்து தபாலில் வரவழைத்தோம். அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. ஐந்து பேர் ஐந்து பொருளுக்குப் பொறுப்பேற்றோம். அவரவர் அம்மாவின் கைபேசியிலிருந்து, அவரவருக்கு நேரம் கிடைத்த நாளில், தனித்தனியே சொல்லி அனுப்பினோம். மணி 120 ரூபாய், குரோஷா நூல் 180 ரூபாய், பொத்தான் 60 ரூபாய், சமிக்கி 45 ரூபாய், ஃபெல்ட் துணி 95 ரூபாய். மொத்தம் 500 ரூபாய். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தபால் செலவு 75 ரூபாய். ஐந்து பொட்டலத்துக்கு 375 ரூபாய். நூல் வந்த பிறகுதான் அதற்கேற்ற ஊசி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்காக ஆறாவது பொட்டலம். அதுதான் மேலே சொன்ன 25 ரூபாய் ஊசி.

விற்பனையில் 3,990 ரூபாய் கிடைத்தது. பொருள்களுக்கு 525 ரூபாயும் தபாலுக்கு 450 ரூபாயும் போக மீதம் 3,015 ரூபாய். அதில் 12 போர்வைகள் வாங்கியபின் கையில் நின்றது 15 ரூபாய். பதின்மூன்றாவது போர்வைக்கு 235 ரூபாய் குறைந்தது.

போர்வைகளைக் கொடுக்கச் சென்றபோது கடைசிக் கட்டிலில் இருந்த பாட்டி நாங்கள் விழிப்பதைப் பார்த்துத் தாமே புரிந்துகொண்டார். "எனக்குப் பழையதே நல்லாத்தான் இருக்கு கண்ணு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கணக்கு நோட்டைக் கைவேலை சிஸ்டரிடம் கொடுத்தோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சிவப்பு மையால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'பதின்மூன்றாவது போர்வை எங்கே போயிற்று?' நாங்கள் நோட்டை மேலும் கீழும் பார்த்தோம். விடை அங்கேயே இருந்தது. அது தபால் செலவு என்ற பத்தியில் போயிருந்தது.

கூலி எதற்குக் கொடுக்கிறோம்?

இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு கூலியா என்று முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு தபாலின் வரலாற்றைப் படித்தபோது காரணம் விளங்கிற்று.

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டுக்கு முன் கடிதத்தின் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் கட்டவேண்டும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதம் போக ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆயிற்று. ஏழைகள் வந்த கடிதத்தை வாங்க முடியாமல் திருப்பி அனுப்பினர். ரோலண்டு ஹில் என்பவர் இதைக் கணக்கிட்டுப் பார்த்து 1837ஆம் ஆண்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தை வண்டியில் கொண்டுபோகும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று அதில் காட்டினார். அப்படியானால் மீதிச் செலவு எங்கே? கடிதத்தை வாங்குவது, பிரிப்பது, கணக்கெழுதுவது, வீடு தேடிப்போய்க் கொடுப்பது, பணம் வசூலிப்பது ஆகியவற்றில்தான் செலவு. இவை பக்கத்து ஊர்க் கடிதத்துக்கும் உண்டு, தூரதேசக் கடிதத்துக்கும் உண்டு. ஆகவே தூரம் பாராமல் ஒரே கட்டணம் வைக்கலாம் என்றார். 1840ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதல் அரை அவுன்ஸ் வரையுள்ள கடிதத்துக்கு ஒரு பென்னி என்ற கட்டணம் வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் உலகின் முதல் ஒட்டுந் தபால்தலையும் வந்தது.

நம் நாட்டில் டல்ஹௌசி பிரபு காலத்தில் 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. கால் தோலா எடைவரை உள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் அரை அணாவுக்குப் போயிற்று. அந்நாளில் பார்சல்கள் 'பங்கித் தபால்' வழியே சென்றன. தோளில் ஒரு மூங்கில் தண்டு, அதன் இரு முனையிலும் சுமை. காவடியைப் போன்ற அமைப்பு. பழமொழியில் வரும் சுமைகூலியைக் கண்ணால் பார்த்த காலம் அது.

ஹில் கண்ட உண்மை நமக்கும் ஒரு பாடம். நாம் கொடுக்கும் தபால் கூலி பொருள் நகர்வதற்கு மட்டும் அன்று. ஒரு பொட்டலத்தைப் பலர் கையாள்வதற்கு. ஐந்து பொட்டலம் அனுப்பினால் ஐந்து முறை வாங்கி, ஐந்து முறை பிரித்து, ஐந்து முறை நம் வாசலுக்கு வரவேண்டும். அப்படியிருக்க ஐந்து கூலி கேட்பது நியாயம்தானே!

படிக்கட்டுக் கணக்கு

தபால் கட்டணம் தராசு முள்ளைப்போல் கிராமுக்குக் கிராம் ஏறுவதில்லை. படிக்கட்டைப்போல் ஏறுகிறது. ஒரு படியின் மேல் நிற்கும்வரை ஒரே கட்டணம். அதற்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படி.

காகிதங்களுக்கான விரைவு அஞ்சலை எடுத்துக்கொள்வோம். இச்சேவை 1986ஆம் ஆண்டு தொடங்கியது. பழைய பதிவு அஞ்சலும் 2025ஆம் ஆண்டு இதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, வெளியூருக்கு 50 கிராம் வரை எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய். 51 முதல் 250 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் 77 ரூபாய். 251 முதல் 500 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் 70 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் 93 ரூபாய். உள்ளூருக்கு இம்மூன்று படிகளும் முறையே 19, 24, 28 ரூபாய். வரி தனி. மாணவர்களுக்கு 10 சதவீதச் சலுகையும் அப்போது அறிவிக்கப்பட்டது. ஆகவே பள்ளி அடையாள அட்டையை எடுத்துச் சென்று அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பூவேலைக்கான வரைபடத் தாள்களை அயலூர்ப் பள்ளிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். தூரம் 200 கிலோமீட்டருக்குள். ஐந்து மாணவியர் தலைக்கு 50 கிராம் வீதம் தனித்தனியே அனுப்பினால் 5 × 47 = 235 ரூபாய். ஐந்தையும் ஒரே உறையில், உறையோடு சேர்த்து 250 கிராமுக்குள் அடக்கி அனுப்பினால் 59 ரூபாய். மிச்சம் 176 ரூபாய். இப்போது தூரத்தைப் பாருங்கள். அதே 250 கிராம் உறை 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் போனாலும் கூடுவது 18 ரூபாய்தான். தூரம் கூட்டுவது 18 ரூபாய். துண்டு துண்டாக அனுப்புவது கூட்டுவதோ 176 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது சிஸ்டரின் சிவப்பு மைக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

மேலே சொன்ன கட்டணம் காகிதங்களுக்கு உரியது. மணி, பொத்தான், நூல் போன்றவை பார்சலாகப் போகும். அதன் கட்டணம் வேறு. படிகளின் உயரமும் வேறு. ஆனால் அங்கும் படிக்கட்டுதான். ஆகவே அஞ்சலக ஜன்னலில் "இதற்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "இந்தக் கட்டணத்தில் எத்தனை கிராம்வரை போகும்?" என்றும் கேட்கவேண்டும். படியில் இடம் மீதி இருந்தால் தோழி ஒருத்தியின் நூல்கண்டும் அதே கூலியில் வந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு தராசு

படியைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. நம் பொருள் எந்தப் படியில் நிற்கிறது என்று வீட்டிலேயே தெரியவேண்டும். எல்லார் வீட்டிலும் சிறு எடை காட்டும் தராசு இராது. நாங்கள் ஒரு தராசு செய்தோம்.

மர அடிக்கோல் ஒன்றின் சரிநடுவில் துளையிட்டு நூலில் தொங்கவிட வேண்டும். இரு முனையிலும் நடுவிலிருந்து சம தூரத்தில் ஒரே அளவான இரண்டு காகிதக் கிண்ணங்களைக் கட்டவேண்டும். அறிவியல் பாடத்தில் படிக்கும் திருப்புத்திறன் தத்துவம்தான் இது. எடைக்கல்லுக்கு எங்கே போவது? அதற்கும் வழி உண்டு. 80 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்ட கட்டிலுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய சரியாக 5 கிராம். நான்கு தாள் 20 கிராம். பத்துத் தாள் 50 கிராம். தாளை மடித்துக் கிண்ணத்தில் வைத்தால் அதுவே எடைக்கல்.

இத்தராசில் நாங்கள் கண்ட செய்திகள் வியப்பாக இருந்தன. ஒரு டஜன் சட்டைப் பொத்தான் ஒரு தாளின் எடைகூட இல்லை. ஆனால் அவற்றை இட்டு வந்த அட்டைப்பெட்டியோ எங்கள் அடிக்கோலையே சாய்த்துவிட்டது. பொத்தானுக்குக் கூலி கொடுத்ததாக எண்ணியிருந்தோம். உண்மையில் பெட்டிக்கு அல்லவா கொடுத்திருக்கிறோம்!

வரைபடத் தாள்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்துத் தாள் சரியாக 50 கிராம் என்று எண்ணி உறையில் போட்டால், உறையின் எடை சேர்ந்து அடுத்த படிக்குத் தள்ளிவிடும். எட்டுத் தாளும் மெல்லிய உறையும் என்றால் 50 கிராமுக்குள் நிற்கும். கடைசி முடிவு அஞ்சலகத் தராசுடையதே. எனினும் முன்கூட்டியே எடைபோட்டுச் செல்பவர்கள் ஜன்னலில் நின்று உறையைக் கிழித்துத் திரும்ப ஒட்ட வேண்டியதில்லை.

கட்டும் முறை

பொருளின் எடையை நாம் குறைக்க முடியாது. கட்டின் எடையைக் குறைக்கலாம். எங்களுக்குக் கைகொடுத்த முறைகள் இவை.

1. பொத்தான்களை உதிரியாக உறையில் போடக்கூடாது. ஒரு மூலையில் குவிந்து உறையைக் கிழித்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரிசையாக நூலால் தைத்துவிட்டால் தட்டையாகவும் இருக்கும், எண்ணிக்கையும் தவறாது.

2. மணிகளைச் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, அதை மற்றொரு உறையில் இடவேண்டும். ஓர் உறை கிழிந்தாலும் மணி தெருவில் உருளாது. கோத்த சரமாகக் கிடைத்தால் அதுவே நல்லது.

3. நூல்கண்டின் நடுவிலுள்ள அட்டைக் குழலை எடுத்துவிட்டுச் சிட்டமாகச் சுற்றிக்கொள்ளலாம். லேஸ், ரிப்பன் முதலியவற்றைத் தட்டையான அட்டையில் சுற்றவேண்டும்.

4. ஊசிகளை ஒருபோதும் வெறும் உறையில் அனுப்பக்கூடாது. தடித்த துணியில் குத்தி மடித்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டவேண்டும். அந்த உறையைப் பிரிப்பவர், சுமப்பவர், நம் வாசலில் கொடுப்பவர் ஆகிய அனைவருக்கும் கை உண்டு. நாலு கிராம் அட்டையை மிச்சப்படுத்த இன்னொருவர் விரலைக் குத்தவைப்பது சிக்கனம் ஆகாது.

5. பெரிய பார்சலானால் பழைய வெள்ளைத் துணியில் தைத்து அனுப்பும் நம் அம்மாக்களின் வழக்கம் இன்றும் நல்ல வழக்கமே. துணிக்கட்டு அட்டைப்பெட்டியைவிட இலேசானது. நனைந்தாலும் எளிதில் பிய்ந்துவிடாது.

காற்றுக்கும் கூலி உண்டு

பார்சலில் இன்னொரு கணக்கும் உண்டு. பல கூரியர் நிறுவனங்கள் எடையோடு பருமனையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவதைக் கிலோ கணக்கில் 'பரும எடை' என்பர். உண்மை எடை, பரும எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம்.

பொம்மைக்கு அடைக்கும் பஞ்சு 600 கிராம் வாங்குகிறோம் என்று கொள்வோம். அது 30 × 20 × 20 சென்டிமீட்டர் பெட்டியில் வருகிறது. பெருக்கினால் 12,000, வகுத்தால் 2.4. அறுநூறு கிராம் பஞ்சுக்கு 2.4 கிலோவின் கூலி! வண்டியில் இடத்தை அடைத்துக்கொள்வதால் அவர்கள் கேட்பதும் சரியே. ஆகவே பஞ்சு, ஸ்பாஞ்சு போன்ற உப்பலான பொருள்களைத் தபாலில் வரவழைக்காமல் உள்ளூரிலேயே வாங்குவது மேல். வேறு வழியில்லை என்றால் அழுத்திச் சுருட்டி அனுப்பும்படி கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடலாம்.

இங்கே இன்னொரு வழியையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர்த் தையல் சாமான் கடைக்காரர் மாதந்தோறும் மொத்தச் சரக்கு எடுக்கிறார். "முன்கூட்டியே சொன்னால் உங்கள் சாமானையும் என் மூட்டையோடு போட்டுக்கொண்டு வருகிறேனே, பிள்ளைகளா" என்று அவர் சொன்னது எங்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. நாங்கள் அவரிடம் முதலில் கேட்கவே இல்லை. கைக்கெட்டிய கடையை விட்டுவிட்டுக் கண்ணுக்கெட்டாத கடைக்கு எழுதியது எங்கள் தவறு.

முகவரியும் சிக்கனமே

தெளிவில்லாத முகவரியால் அலையும் பொட்டலம் பணத்தை மட்டுமல்ல, நாளையும் தின்னும். எங்களில் ஒருத்தி அஞ்சல் குறியீட்டு எண்ணில் 7 எழுதவேண்டிய இடத்தில் 1 எழுதிவிட்டாள். சமிக்கிப் பொட்டலம் எங்கெங்கோ சுற்றிவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்குள் சமிக்கி தைக்கவேண்டிய பைகளை வெறும் பைகளாகவே விற்றோம், விலையும் குறைந்தது.

ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயருள்ள பல ஊர்களும் பல மொழி எழுத்துகளும் உள்ள நம் நாட்டில் கடிதம் வழி தவறாமல் இருக்க ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை அது. முதல் இலக்கம் நாட்டின் வட்டாரத்தைக் காட்டும். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரம். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். ஓர் இலக்கம் மாறினால் ஊரே மாறிவிடும் என்பது இதனால் விளங்கும். எழுதி முடித்தபின் அடுத்திருப்பவளை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்வது இப்போது எங்கள் குழுவின் சட்டம்.

சிக்கனமும் கள்ளமும்

இந்த ஆராய்ச்சியில் நாங்கள் சற்று வழி தவறப் பார்த்த இடமும் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்கிறோம்.

2025ஆம் ஆண்டு மே 1 முதல் அஞ்சல் துறை 'கியான் போஸ்ட்' என்னும் சேவையைத் தொடங்கியது. பாடநூல்கள் முதலிய புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவதற்கானது அது. 300 கிராம் வரை 20 ரூபாய். 5 கிலோ வரை 100 ரூபாய் என்று அப்போது கட்டணம் வைத்தார்கள். இதைக் கேட்டவுடன் எங்களில் ஒருத்தி துள்ளிக் குதித்தாள். "ஒரு பழைய புத்தகத்துக்கு நடுவே மணியையும் நூலையும் வைத்து அனுப்பச் சொல்வோமே!" என்றாள். உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லாருக்குமே அந்த யோசனை சில நிமிடங்கள் பிடித்திருந்தது. நல்ல காரியத்துக்குத்தானே என்றும் எண்ணினோம்.

சிஸ்டர் கேட்டுவிட்டு, "புத்தகம் வாங்க முடியாத பிள்ளைக்காக வைத்த சலுகை அது. அதில் நாம் பொத்தானை ஒளித்தால், அந்தப் போர்வைக்கு விலை கொடுப்பது யார்?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை. தபால்தலை குறைத்து ஒட்டி அனுப்பும் பழக்கமும் இப்படிப்பட்டதே. குறைந்த பணம் எங்கும் போய்விடுவதில்லை. கடிதத்தைப் பெறுபவர் தலையில் போய் விழும். நம் செலவை இன்னொருவர் மேல் ஏற்றிவைத்து அதற்குச் சிக்கனம் என்று பெயரிடக்கூடாது. அன்றே எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிவைத்தோம்.

2025ஆம் ஆண்டுக் கணக்கு

2025ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். தேவைப்படும் பொருளை அவரவர் அதில் எழுதவேண்டும். மாதக் கடைசிவரை யாரும் தனியே வரவழைக்கக்கூடாது. இது எளிதாக இருக்கவில்லை. தன் நூல் வராமல் வேலை தொடங்க முடியாத தோழிக்குக் கோபம் வந்தது. எழுத மறந்தவள் அழுதாள். இரண்டு பேர் ஒரே நீல மணியை எழுதியிருந்தது தெரிந்து ஒன்றைக் குறைத்தோம். ஃபெல்ட் துணியையும் பஞ்சையும் உள்ளூர்க் கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம். மீதி அனைத்தையும் ஒரே கடையிலிருந்து ஒரே பார்சலாக வரவழைத்தோம். ஊசியை மறக்கவில்லை!

எல்லாவற்றையும் ஒரே பார்சலில் இட்டால், அது தவறிவிட்டால் எல்லாமே தவறிப்போகுமே என்று எங்கள் கணக்கு ஆசிரியை எச்சரித்தார். அது உண்மையே. அதனால்தான் பார்சல் எங்கே வருகிறது என்று எண்ணை வைத்துப் பார்க்கக்கூடிய சேவையைத் தேர்ந்தெடுத்தோம். தவறினால் மறுபடி வரவழைக்க நாள் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொன்னோம்.

பொருள்களுக்கு 610 ரூபாய். தபாலுக்கு 120 ரூபாய். விற்பனையில் கிடைத்தது 4,270 ரூபாய். மீதம் 3,540 ரூபாய். இல்லத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்து 14 பேர் இருந்தனர். பதினான்கு போர்வைகளுக்கு 3,500 ரூபாய் கொடுத்தோம். மீதி 40 ரூபாய் அடுத்த ஆண்டுக் குழுவின் தபால் செலவுக்கு முதலாக நோட்டில் இருக்கிறது.

முதல் போர்வையைக் கடைசிக் கட்டில் பாட்டிக்குக் கொடுத்தோம். அவர் அதைப் பிரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்தார். "போன வருஷத்ததும் சேர்த்தா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

முடிவுரை

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது இன்னொரு பழமொழி. அளப்பது கஞ்சத்தனம் அன்று; எது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது. தபால் கூலியைக் குறைக்கும் வழி அஞ்சலக ஜன்னலில் இல்லை; அங்கே போகுமுன் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில் இருக்கிறது என்பதே நாங்கள் கற்ற பாடம். "உனக்கும் ஏதாவது வேண்டுமா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு எங்களுக்கு ஒரு போர்வை விலை ஆயிற்று.

அடுத்த ஆண்டு நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விடுவோம். கணக்கு நோட்டும், அடிக்கோல் தராசும், சுவரில் ஒட்டும் தாளும் கைவேலை அறை அலமாரியில் இருக்கும். அன்புத் தங்கையரே, நோட்டைத் திறந்தால் முதலில் சிஸ்டரின் சிவப்பு மைக் கேள்வியைப் படியுங்கள். பிறகு பட்டியல் எழுதத் தொடங்குங்கள்.